வாறன் என்று பாடிய நாடு

இந்த நாட்டில் ஆட்கள் போகும்போது, போகிறேன் என்றுதான் சொல்கிறார்கள். எங்கள் பில்டிங் சூப்பரின்ரன்ட் ஒரு போலந்துக்காரன். பின்னேரம் வேலை முடிந்ததும் திறப்புக் கோர்வையை மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டு, "ஓகே, ஐ ஆம் கோயிங்" என்பான். வந்த புதிதில் அதைக் கேட்க எனக்கு நெஞ்சுக்குள் ஒருமாதிரி இருக்கும். எங்கள் பக்கத்தில் வாசலில் நின்று போறன் என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். கடைக்குப் போனாலும் வாறன். கடலுக்குப் போனாலும் வாறன். பிளேன் ஏறினாலும் வாறன். செத்தவீட்டில் மட்டும்தான் ஒன்றும் சொல்லாமல் எழும்பிப் போவது. ஆனால் அந்தப் போலந்துக்காரன் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவான், விடிய கோப்பியோடு வந்து நிற்பான். ஒவ்வொரு நாளும் வந்தான். இதை நான் கனகாலமாக யோசித்திருக்கிறேன்.

நான் அந்தப் பில்டிங்கைத் துடைக்கிறவன். ரொறொன்ரோவில், சென் ஜேம்ஸ் ரவுணில் இருக்கிறது. முதல் வந்த எங்கட சனம் எல்லாம் இங்கேதான் இறங்கியது. பிறகு ஸ்காபரோ, ரூஜ், விட்பி என்று வீடு வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். நான் நின்றுவிட்டேன். அக்காவும் அவவின் மகள் ஜெனிற்றாவும் ஊரில் சண்டை முடிந்து சில வருசத்தில் வந்து என்னோடு சேர்ந்தார்கள். பதினாலாம் மாடி. இந்தக் கட்டிடத்தில் பன்னிரண்டுக்கு அடுத்தது பதினாலு. பதின்மூன்று கூடாதாம், அதனால் லிஃப்டில் அந்த இலக்கமே இல்லை. கீழிருந்து எண்ணிப் பார்த்தால் நாங்கள் இருப்பது பதின்மூன்றில்தான். எழுதாமல் விட்டால் இல்லை என்று ஆகிவிடும் என்று நினைக்கிறார்கள்.

பக்கத்துக் கதவு ஐலா. பின்லாந்துக்காரி. எண்பது தாண்டியவ. புருசன் இல்லை, மகன் வன்கூவரில். அக்காவுக்கு இங்கிலிஸ் வராது, ஐலாவின் இங்கிலிஸும் பாதிதான். ஆனாலும் இரண்டு பேரும் ஒருவரிடம் ஒருவர் போய் இருப்பார்கள். ஐலா செய்கிற பணிசுக்குள் ஏலக்காய் போடுவா. முதல் நாள் அந்த வாசம் கொரிடோரில் வந்தபோது அக்கா எங்கள் கதவைத் திறந்துகொண்டு நின்று, ஆர் இங்க நத்தாருக்குப் பலகாரம் சுடுறது என்று கேட்டா. அப்போது பங்குனி மாதம், கிறிஸ்மஸ் போய் மூன்று மாதம். அப்படித்தான் பழக்கம்.

ஒவ்வொரு வைகாசியிலும் ஒரு சனிக்கிழமை ஐலா வீட்டு யன்னலுக்குத் திரை இழுத்துவிடுவா. அங்கே ஐரோப்பாவில் இரவு, இங்கே நல்ல வெயில். நாடு நாடாகப் பாட்டுப் போட்டி. ஒரு நாட்டுக்கு ஒரு பாட்டு. எல்லா நாடும் ஒரே மேடையில் பாடும், உலகம் முழுக்க ரீவியில் காட்டுவார்கள், பிறகு ஒருவருக்கொருவர் புள்ளி போடுவார்கள். கனடா அதில் இல்லை. இலங்கையும் இல்லை. ஐலா சின்ன நீலக் கொடி ஒன்றைப் பூச்சாடியில் குத்தி வைத்துக்கொண்டு தன்ர நாட்டுக்காகக் காவல் இருப்பா. அக்கா கூட இருந்து எல்லா நாட்டையும் பார்ப்பா. சட்டை சரியில்லை என்று சொல்லுவா. அவ்வளவுதான்.

போன வருசம் அந்தச் சனிக்கிழமைக்கு முன்னால் எங்கள் வீட்டில் ஒரு சொல் கிடந்தது. ஜெனிற்றாவுக்குக் கலியாணம் பேசி முடிந்திருந்தது. மாப்பிள்ளை வீடு விட்பியில். நல்ல சனம். கலியாணக் காட் அடிக்கிற கடைக்காரர் ஒரு கேள்வி கேட்டார். பெண்ணின்ர தகப்பன்ர பேருக்கு முன்னால் காலஞ்சென்ற என்று போடுறதோ, போடாமல் விடுறதோ? அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். ஸ்காபரோவில் இந்தக் கேள்வியை அவர் கனபேரிடம் கேட்டிருப்பார். மாப்பிள்ளையின் தாயும் ஒருநாள் போன் எடுத்து, எது எண்டாலும் எங்களுக்குப் பரவாயில்லை, ஆனால் ஒண்டைச் சொல்லுங்கோ என்றா.

அத்தானின் பேர் அந்தோனி. மன்னார்க் கடலில் வலை இழுத்தவர். கடைசிச் சண்டை முடிந்தபோது அவரும் அக்காவும் சனத்தோடு சனமாக வெளியில் வந்தார்கள். ஆமிக்காரர் ஆம்பிளைகளைப் பிரித்து பஸ்ஸில் ஏற்றினார்கள். நான் அப்போது ரொறொன்ரோவில். எனக்குத் தெரிந்தது எல்லாம் பிறகு அக்கா போனில் சொன்னது. அதையும் ஒருக்கால்தான் சொன்னா. பஸ் வாசற்படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு அத்தான் திரும்பினார். அக்காவின் தோளில் ஜெனிற்றா நித்திரை. சுற்றிவர ஒரே இரைச்சல். அவர் வாறன் என்று சொன்னார். பிறகு முதுகுதான் தெரிந்தது. வலை இழுத்து இழுத்து அவருக்கு இடது தோள் கொஞ்சம் இறங்கினது. அந்த இறங்கின தோள் பஸ்ஸுக்குள் போனது. அதோடு சரி. எங்கெங்கோ போய்க் கேட்டார்கள். ஒரு இடத்திலும் அந்தப் பேர் இல்லை.

அக்கா பின்னேரச் செபம் சொல்லும்போது இருக்கிற ஆட்களுக்காக ஒரு மன்றாட்டு, மரித்த ஆத்துமாக்களுக்காக ஒரு மன்றாட்டு. மரித்தவர்களுக்குள் ஐயா, அம்மா, சித்தப்பா. இருக்கிறவர்களில் முதல் பேர் அந்தோனி. இத்தனை வருசமும் அந்தப் பேர் இடம் மாறவில்லை. நான் ஒருநாளும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. பாட்டுப் போட்டிக்கு முதல்நாள், வெள்ளிக்கிழமை பூசையால் வந்து, சப்பாத்துக் கழற்றிக்கொண்டு, சுவரைப் பார்த்து அக்கா சொன்னா. "கடைக்காரருக்குச் சொல்லு தம்பி. போடட்டும்." அன்று செபத்தில் அந்தப் பேர் பழைய இடத்தில்தான் இருந்தது. ஆனால் கலியாணக் காட்டுக்கு ஓம் என்றுவிட்டா. திங்கட்கிழமை கடை திறந்ததும் சொல்வது என்று நான் இருந்தேன்.

இடையில் அந்தச் சனிக்கிழமை வந்தது.

எனக்கு லீவு. ஐலா என்னையும் கூப்பிட்டு இருத்தினா. வெளியில் வெயில் எரிய, உள்ளே திரை இழுத்த இருட்டு. இடையில் எத்தனையோ நாடு வந்து குதித்துவிட்டுப் போனது. பிறகு ஐலா கையைத் தூக்கி எங்களை அமத்தினா. பின்லாந்து. மேடை கறுப்பாகக் கிடந்தது. நிலத்திலிருந்து புகை எழும்பியது. புகைக்குள் மரம் மரமாக வெளிச்சம். முன்னால் ஒரு பெட்டை வெள்ளைச் சட்டையோடு நின்று மெல்லப் பாடினாள். பிறகு அவள் வாயை மூடிவிட்டாள். மேடைக்குப் பின்னால், புகைக்குள், ஒரு ஆம்பிளை நின்றான். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். இடது தோள் இறங்கி இருந்தது. குரல் பெரிதில்லை. பக்கத்து அறையில் இருந்து கூப்பிடுகிற மாதிரி. வாரன், வாரன் என்று பாடினான். பாட்டில் ரகரம் எது றகரம் எது என்று தெரியாது. எனக்கு வாறன் என்றுதான் கேட்டது.

அக்கா எழும்பினா. ரீவிக்குக் கிட்டப் போனா. முகத்தில் நீல வெளிச்சம் விழ அப்படியே நின்றா. மறைக்குது என்று ஐலா சைகை காட்டினா, அக்கா காணவில்லை. அந்த ஆள் கடைசி மட்டும் திரும்பவேயில்லை. பாட்டு முடிந்து சனம் கத்தியபோது கமெரா அந்தப் பெட்டையிடம் போய்விட்டது.

"கேட்டனியோ தம்பி?"

"ஓம்."

"என்ன சொன்னவர்?"

"அது வேற பாசை அக்கா."

"என்ன சொன்னவர் எண்டுதான் கேட்டனான்."

நான் பொய் சொல்லிப் பழகவில்லை. வாறன் எண்டமாதிரிக் கேட்டது என்றேன். அக்கா தலையை ஆட்டிவிட்டு வந்து இருந்தா. பிறகு புள்ளி போடுகிற நேரம். நாடு நாடாகப் பேர் சொல்லிக்கொண்டு வந்து, ரெஸ்ற் ஒஃப் த வேர்ல்ட் என்றும் ஒன்று சொன்னார்கள். அந்தப் போட்டியில் இல்லாத நாட்டுச் சனம் எல்லாம் சேர்த்து ஒரு புள்ளி. அது எந்த இடம் என்று அக்கா கேட்டா. மிச்ச உலகம், நாங்கள் எல்லாம் அதுக்குள்ளதான் என்றேன்.

"அப்ப அவரும் அதுக்குள்ளதானே இருப்பார்" என்றா.

வீட்டுக்கு வந்ததும் அக்கா முதல் செய்த வேலை கதவுச் சங்கிலியைக் கழற்றியது. கடைக்காரருக்கு இப்போதைக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம் என்றா.

அன்றிலிருந்துதான் வீட்டில் இருக்க எனக்கு ஒருமாதிரி வந்தது. கீழ் வாசலில் எங்கள் இலக்கத்தை அமத்தினால் எங்கள் போன் அடிக்கும். ஆர் என்று கேட்டு, தெரிந்த ஆள் என்றால் ஒன்பதை அமத்த வேண்டும். கீழ்க்கதவு திறபடும். அக்கா கேட்பதை விட்டுவிட்டா. மணி அடித்தால் ஒன்பது. ஆர் எவர் என்று இல்லை. கதவைத் திறந்து கொரிடோரைப் பார்த்துக்கொண்டு நிற்பா. சிலவேளை பீட்ஸாக்காரன் வழி மாறி வந்து நிற்பான். சிலவேளை ஒருவரும் வருவதில்லை. லிஃப்ட் வரும். கதவு திறக்கும். உள்ளே வெறும் கண்ணாடி. கதவு மூடும். எங்கள் லிஃப்ட் பழசு, அமத்தாத மாடியிலும் தானாக நிற்கும். அது எனக்குத் தெரியும். ஆனால் முன்பு அது எல்லா மாடியிலும் நிற்கும். இப்போது எங்கள் மாடியில்தான் கூடுதலாக நின்றது. அல்லது இப்போதுதான் நான் கவனிக்கிறேன். அக்கா ஒவ்வொரு தரமும் வெறும் லிஃப்டைப் பார்த்து, வழி விடுகிற ஆள்மாதிரிக் கொஞ்சம் ஒதுங்கி நிற்பா.

ஆரோ இரண்டு பேர் உள்ளுக்கு வந்து படிக்கட்டில் படுத்திருந்தார்கள். உன்ர அப்பாட்மென்ரில இருந்துதான் திறபடுது என்று போலந்துக்காரன் என்னிடம் வந்தான். இன்னொருக்கால் நடந்தால் மேல சொல்லவேண்டி வரும் என்றான். நான் சொறி சொன்னேன். விட்பியில் இருந்தும் போன் வந்தது. காட் கையில் இல்லாமல் சனத்துக்கு எப்படிச் சொல்லுறது?

ஜெனிற்றாவுக்குக் கோபம் வந்துவிட்டது. அவள் ஒரு பல் டொக்ரரிடம் வேலை செய்கிறாள், பொறுமையான பிள்ளை. போனில் அந்தப் பாட்டுக்காரனின் படத்தைத் தேடி எடுத்துத் தாயின் மூக்குக்கு நேரே பிடித்தாள். மஞ்சள் தாடி வைத்த பெடியன். ஜெனிற்றாவின் வயதுதான் இருக்கும்.

"அம்மா, லுக். இவன்தான் சிங்கர். ஃபினிஷ் பெடியன். அப்பா இல்லை."

அக்கா கண்ணாடியைப் போட்டு வடிவாகப் பார்த்தா. "ஓம். இது அவரில்லை" என்றா. "ஆனா பாடினது இவனில்லை."

ஜெனிற்றா என்னைப் பார்த்தாள். பிறகு பாட்டைப் போட்டுக் காட்டினாள். அந்த இடம் வந்ததும் நிற்பாட்டி, திருப்பிப் போட்டாள். வாரன், தக்கா. வாரன், தக்கா. இரண்டாவது சொல்லை நான் அன்று கவனிக்கவில்லை. ஜெனிற்றாவுக்குச் சிரிப்பு வந்தது.

"மாமா, இது நீங்கள்தான். 'வாறன் அக்கா.' வேலைக்குப் போகேக்க டெய்லி இதைத்தானே சொல்லுறியள்."

நானும் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. அடுத்த நாள் வேலைக்கு இறங்கும்போது என் வாயில் வழமையான சொல் வரவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு சும்மா போனேன், செத்தவீட்டால் போகிற மாதிரி.

அன்று பின்னேரம் நான் ஐலாவின் கதவைத் தட்டினேன். எனக்கு அந்தச் சொல் என்னவென்று தெரிய வேண்டும். "வாரன். யுவர் சோங். இன் மை லாங்குவேஜ், வாறன் இஸ் ஐ ஆம் கமிங்" என்றேன். ஐலாவின் முகம் மலர்ந்துவிட்டது. "யெஸ், யெஸ், கம், கம்" என்று என்னை உள்ளே இழுத்து இருத்தி, கோப்பி ஊற்றி, பணிசும் வைத்தா. நான் பணிசைச் சாப்பிட்டேன். பிறகு திரும்பவும் தொடங்கினேன். அக்கா ரீவிக்கு முன்னால் நின்றது, அத்தான், பஸ், என் இங்கிலிஸில் எவ்வளவு முடியுமோ அவ்வளவு சொன்னேன். ஐலா கப்பைக் கீழே வைத்துவிட்டா.

வாரா என்றால் டேஞ்சர் என்றா. வாரன் என்றால் டேஞ்சரின் என்று வருமாம். பிறகு யோசித்து, இல்லை, பாட்டில் வருவது அதுவல்ல என்றா. அதே எழுத்தில் இன்னொரு சொல் இருக்கிறதாம். காடு மூடின மலை. தன்ர ஊர்ப்பக்கம் முழுக்க அந்த மலைதான். வாரன் தக்கா என்றால் மலைக்குப் பின்னாலிருந்து. மலைக்குப் பின்னாலிருந்து ஒரு ஆள் கூப்பிடுகிறான், அதுதான் பாட்டு. எங்கட ஆட்கள் அப்படிக் கூப்பிட்டால் பதில் சொல்லமாட்டார்கள் என்றா. ஏன் என்று கேட்டேன். பதில் சொன்னவர்களைக் காடு வைத்துக்கொள்ளும் என்றா. சிரிக்காமல் சொன்னா. எங்கட பக்கத்திலும் இருட்டில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் முதல் கூப்பிட்டுக்கு வாய் திறக்கக் கூடாது என்பார்கள். இதை நான் ஐலாவுக்குச் சொல்லவில்லை. கோப்பி ஆறிப்போயிருந்தது.

"யுவர் சிஸ்ரர், ஷி ஆன்சர்ட்?" என்று ஐலா கேட்டா.

மணி அடித்தால் ஒன்பதை அமத்துகிறது பதிலா இல்லையா? நோ என்றேன்.

வீட்டுக்கு வந்தபோது அக்கா சோற்றை வடித்துக்கொண்டு நின்றா. ஆவியில் முகம் தெரியவில்லை. நான் வாசலில் நின்றபடியே சொன்னேன்.

"அக்கா. அந்தச் சொல்லு வாறன் இல்லை. அவையின்ர பாசையில அது ஆபத்து எண்டு அர்த்தமாம்."

அக்கா பானையைச் சரித்தபடியே நின்றா. தண்ணீர் முழுக்க வடிந்தது. மலை என்றும் சொல்லலாமாம் என்று நான் சொன்னது அவவுக்குக் கேட்டதோ தெரியாது. பானையை நிமிர்த்தி அடுப்பில் வைத்தா. சேலைத் தலைப்பால் கையைத் துடைத்தா.

"அவர் அண்டைக்குச் சொன்னதும் அதுதான் தம்பி" என்றா. "எனக்குத்தான் அப்ப விளங்கேல்லை."

பிறகு போய்க் கதவுச் சங்கிலியைப் போட்டா. அன்று செபத்தில் இருக்கிறவர்களுக்கான மன்றாட்டு என் பேரோடு தொடங்கியது. மரித்த ஆத்துமாக்களுக்கு வந்தபோது ஐயா, அம்மா, சித்தப்பா என்று சொல்லி நிறுத்தினா. ஜெனிற்றா தலையைத் தூக்கினாள். அடுத்த பேரை அக்கா சத்தமாகத்தான் சொன்னா. தெளிவாகச் சொன்னா. ஜெனிற்றா தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த நாள் நான் கடைக்காரருக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.

காட் வந்தது. சிவப்பும் பொன்னும். அக்கா அந்த வரியில் விரலை ஒருக்கால் வைத்துப் பார்த்துவிட்டு மூடிவைத்தா. கலியாணப் பூசை நல்லபடி நடந்தது. ஐலா நீலச் சட்டை போட்டுக்கொண்டு வந்து கோயில் முன்வாங்கில் இருந்தா. ஒருவருக்கும் ஒரு குறையும் இல்லை.

அடுத்த கிழமை மாப்பிள்ளை காரைக் கீழே போட்டுவிட்டு நிற்க, ஜெனிற்றா கடைசிச் சூட்கேசை எடுக்க வந்தாள். இனி விட்பிதான். லிஃப்ட் மட்டும் அக்காவும் நானும் போனோம். ஜெனிற்றா லிஃப்டுக்குள் ஏறிச் சூட்கேசை இழுத்து வைத்தாள். எந்த நாளும் பாய் அம்மா என்று சொல்லிவிட்டு ஓடுகிற பிள்ளை. அன்று தாயின் முகத்தைப் பார்த்துவிட்டு, வடிவாக, தமிழில் சொன்னாள்.

"வாறன் அம்மா."

அக்கா கையை விட்டு லிஃப்ட் கதவைத் தடுத்தா.

"உது வேண்டாம் பிள்ளை. போறன் எண்டு சொல்லு."

"என்னம்மா?"

"போறன் எண்டு சொல்லு. இஞ்ச போறன் எண்டு சொல்லிப்போட்டுப் போற ஆக்கள்தான் திரும்பி வருகினம். நான் பாத்துக்கொண்டுதானே இருக்கிறன்."

ஜெனிற்றா என்னைப் பார்த்தாள். லிஃப்ட் கதவு அக்காவின் கையில் முட்டிவிட்டுப் பின்னுக்குப் போனது. திரும்ப முட்டியது.

"போறன் அம்மா" என்றாள் ஜெனிற்றா. அந்தச் சொல் அவளுக்கும் வாயில் நிற்கவில்லை. அக்கா கையை எடுத்தா.

நாங்கள் வீட்டுக்குள் வந்தோம். அக்கா கதவைச் சாத்தினா, சங்கிலியைப் போட்டா. அப்போதுதான் போன் அடித்தது. கீழ் வாசல் மணி. பிள்ளை எதையோ மறந்துவிட்டாள் என்று நான் எடுத்தேன். ஆர் என்றேன். பதில் இல்லை. வாசல் இரைச்சல் மட்டும். இரைச்சலுக்குள் ஆரோ படி ஏறிக் களைத்து மூச்சு விடுகிற மாதிரி ஒரு சத்தம். கீழ்க்கதவின் ரப்பர் பழுது, காற்று அடித்தால் அப்படித்தான் இரையும். அந்தக் கதவை ஒவ்வொரு நாளும் துடைக்கிறவன் நான், எனக்குத் தெரியும். இன்னொருக்கால் ஆர் என்று கேட்டேன்.

"ஆர் தம்பி?" என்றா அக்கா.

"ஒருத்தருமில்லை அக்கா."

சொல்லி முடிய முன்னமே என் பெருவிரல் ஒன்பதை அமத்திவிட்டது. அக்கா சங்கிலியை ஒருக்கால் இழுத்துப் பார்த்தா. இறுக்கமாகத்தான் இருந்தது. போனுக்குள், எல்லா மாடிக்கும் கீழே, கதவு திறபட்டது கேட்டது.